தைக்கோ முரசும் கூட்டிசையின் ஆறுதலும்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஜப்பானின் தைக்கோ முரசு மனதை ஆற்றுகிறது என்று பலரும் சொல்வார்கள். அந்த ஆறுதல் முரசின் பேரொலியிலிருந்து வருவதாகவே பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். என் கருத்தில் அது பாதி உண்மைதான். பத்துப் பேர் ஒரே மூச்சில் கோலை உயர்த்தி, ஒரே கணத்தில் அடித்து, அதன்பின் ஒரே அளவு மௌனத்தையும் காத்து நிற்கும்போதுதான் அடிப்பவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் மனப்பாரம் இறங்குகிறது. இதற்கு முன் முரசே தொடாத ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட ஒரு குழு, தங்கள் பகுதி மக்கள் முன் சுமார் 20 நிமிட நிகழ்ச்சியை நடத்தத் தயாராவதற்கான வழியை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

செய்முறைக்குள் நுழையும் முன் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். கோயில்களிலும் திருவிழாக்களிலும் நோ, கபுகி நாடக மேடைகளிலும் தைக்கோ பல நூற்றாண்டுகளாக ஒலித்து வந்திருந்தாலும், பல அளவு முரசுகளைச் சேர்த்து ஒரு குழுவாக இசைக்கும் இன்றைய வடிவம் புதியது. 1951-இல் நாகானோ மாகாணத்தில் ஒகுச்சி டைஹாச்சி என்ற ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் அதைத் தொடங்கினார். அது கடல் கடந்தபோது அதற்குக் கிடைத்த அர்த்தம்தான் நமக்கு முக்கியம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்து வைத்தது. பெற்றோர் வாய்திறந்து பேசாத அந்தக் காயத்தோடு வளர்ந்த அடுத்த தலைமுறையினர், 1969-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சென்ஷின் புத்த ஆலயத்தில் கின்னரா தைக்கோ குழுவைத் தொடங்கினார்கள். முரசு வாங்கப் பணமில்லாததால் பழைய ஒயின் பீப்பாய்களுக்குத் தோல் போர்த்தி அவர்களே முரசு செய்துகொண்டார்கள். ஜப்பானுக்குள்ளேயே, ஒசாகாவின் நானிவா பகுதியில் தலைமுறைகளாக முரசுக்குத் தோல் பதப்படுத்தியும் அத்தொழிலாலேயே ஒதுக்கப்பட்டும் வந்த புராக்கு மக்கள், தாங்கள் செய்த முரசைத் தாங்களே அடிப்பதற்காக 1987-இல் இகாரி என்ற குழுவை அமைத்தார்கள். பறையின் வரலாறு அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கூட்டிசை தரும் ஆறுதல் என்று நான் சொல்வது முதலில் இதைத்தான்.

முதற்படி: முரசும் கோலும்

தைக்கோவில் மூன்று வகைகளை அறிந்தால் தொடக்கத்துக்குப் போதும். ஒரே மரத்தண்டைக் குடைந்து, மாட்டுத் தோலை ஆணிகளால் அறைந்து செய்யப்படும் நாகாடோ, குழுவின் அடித்தொனியைத் தருகிறது. கயிற்றால் இறுக்கிக் கட்டப்படும் சிறிய ஷிமெ முரசு கூர்மையாக ஒலித்துத் தாளத்தைக் காக்கிறது. பலகைகளை இணைத்துச் செய்யும் ஒகெடோ எடை குறைந்தது. தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபடியும் அடிக்கலாம். பாச்சி எனப்படும் கோல்கள் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்.

நாகாடோ விலை அதிகம் என்பதால் யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தைக்கோ குழுக்கள் பலவும் பழைய கார் டயரில்தான் பயிற்சி செய்கின்றன. டயரை நன்றாகக் கழுவி உலர்த்திய பின், அகலமான பேக்கிங் டேப்பை ஒரு விளிம்பிலிருந்து நடுத்துளையின் குறுக்கே எதிர்விளிம்பு வரை இழுத்து ஒட்டுங்கள். அடுத்த பட்டையைச் சற்றே திருப்பி ஒட்டுங்கள். இப்படியே சுற்றி வந்தால் பட்டைகள் நடுவில் ஒன்றையொன்று வெட்டி, துளை முழுவதும் மூடிவிடும். ஒவ்வொரு பட்டையையும் சுருக்கம் விழாமல் இறுக இழுப்பதுதான் முக்கியம். இரண்டு மூன்று அடுக்குகள் ஒட்டியதும் விரல் நுனியால் தட்டிப் பாருங்கள். சொத்தென்று அமுங்கினால் இன்னோர் அடுக்கு வேண்டும், விரலைத் திருப்பித் தள்ளினால் தயார். இடுப்புயர முக்காலியின் மேல் வைத்தால் அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யாத பயிற்சி முரசு கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: நிற்கும் முறை

இடது காலை ஓரடி முன்வைத்து முழங்காலை மடக்குங்கள். வலது காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் பதியுங்கள். இடுப்பு தாழ்ந்தும் முதுகு நேராகவும் இருக்க, கையை நீட்டினால் கோலின் நுனி முரசின் நடுவைத் தொடும் தூரத்தில் நில்லுங்கள். கோலை இறுக்கிப் பிடிக்காமல், கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, அதன் எடையாலேயே விழவிடுங்கள். பலம் கொடுத்து அடிப்பவரின் ஒலி வறண்டு கேட்கும், தோளும் சீக்கிரம் வலிக்கும். வயதானவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் நாற்காலியில் அமர்ந்தே அடிக்கலாம். இதில் எந்தக் குறைவும் இல்லை.

மூன்றாம் படி: முதலில் வாயால் சொல்லுதல்

தைக்கோவுக்கும் சொற்கட்டு உண்டு. நடுத்தோலில் ஓங்கி அடிப்பது ‘டொன்’. வலம், இடம் என்று விரைவாக இரண்டு அடிப்பது ‘டொகோ’. விளிம்பு மரத்தில் தட்டுவது ‘கா’. அடிக்காமல் விடுவது ‘ஸு’. கீழுள்ள எட்டு எண்ணிக்கைப் பயிற்சியைக் கோலைத் தொடாமல், கைதட்டிக்கொண்டு எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பழகுங்கள்:

டொன் – டொன் – டொகோ – டொன்
டொன் – ஸு – கா – கா

நிமிடத்துக்கு 60 அடி என்ற நிதான வேகத்தில் சொல்லுங்கள். ‘டொகோ’ மட்டும் ஓர் எண்ணிக்கைக்குள் இரண்டாகப் பிரியும். வாய் தடுமாறாத பிறகே கோலை எடுங்கள். ஒருவர் ஷிமெ முரசில் ‘டெகெ டெகெ’ என்று சீராக அடித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் அதன்மேல் இந்தச் சொற்கட்டை அடிக்க வேண்டும். ஷிமெ அடிப்பவர் குழுவிலேயே அதிகப் பொறுமை உடையவராக இருக்கட்டும்.

நான்காம் படி: மௌனத்தைப் பழகுதல்

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் நீங்கள் செய்வதாக இருந்தால், இதைச் செய்யுங்கள். மேற்சொன்ன சொற்கட்டை ஒருமுறை அடித்து முடித்ததும், ஷிமெயும் உட்பட எல்லோரும் கோலை உயர்த்திய நிலையில் நான்கு எண்ணிக்கை அசையாமல் நிற்க வேண்டும். பின்னர் யாரும் சைகை காட்டாமலே எல்லோரும் ஒன்றாக அடுத்த ‘டொன்’னில் இறங்க வேண்டும். தொடக்கத்தில் இது நடக்காது. மூன்றாம் எண்ணிக்கையிலேயே ஒருவரின் கோல்நுனி நடுங்கத் தொடங்கும், தோள் காதை நோக்கி ஏறும், கண் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தேடும். அவர் முந்திக்கொண்டு அடித்ததும் பக்கத்தில் இருப்பவரும் பதறி அடிப்பார். அப்போது யாரையும் கண்டிக்காமல், நான்காம் எண்ணிக்கையில் எல்லோரும் மூக்கால் காதில் விழும்படி மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். அந்த மூச்சொலியே சைகையாகிவிடும். மற்றவரின் மூச்சுக்குக் காதுகொடுக்கும் இந்தப் பழக்கம் அவையோருக்கும் தொற்றும்.

ஐந்தாம் படி: குரல்

‘சோரே’, ‘ஹா’, ‘யோ’ என்று தைக்கோ கலைஞர்கள் இடையிடையே எழுப்பும் குரல் வெறும் அலங்காரம் அல்ல. அது களைத்தவரைத் தூக்கிவிடும், மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கத்தை உடைக்கும். கூச்சப்படுபவர்கள் முதலில் எல்லோரோடும் சேர்ந்து எழுப்பட்டும்.

ஆறாம் படி: நிகழ்ச்சியை அமைத்தல்

மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக நெருங்கி, உருட்டலாக மாறித் தணியும் ‘ஒரோஷி’ அடிமுறையில் ஒருவர் மட்டும் மூன்று நிமிடம் தொடங்கட்டும். அடுத்த ஏழு நிமிடம் குழு முழுவதும் நீங்கள் பழகிய சொற்கட்டை, மௌன இடைவெளிகளோடு இசைக்கலாம். பிறகு ஐந்தாறு நிமிடம் அவையோரை முரசிடம் அழைத்து வாருங்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு குழு உறுப்பினர் நின்று, ‘டொன்’ என்ற ஓரடியை மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசி நான்கு நிமிடம் ஷிமெ நிற்க, நாகாடோ மட்டும் மெல்ல ஒலித்து ஓயட்டும். ஜப்பானிய வீடுகளின் புத்த பீடத்தில் இருக்கும் ‘ரின்’ என்ற கிண்ண மணி கிடைத்தால் அதை ஒருமுறை தட்டி முடிக்கலாம்.

ஒலிச் சிகிச்சை என்ற சொல்லை அறிவிப்பில் எழுதும்போது மிகுந்த கவனம் தேவை. மனநலச் சேவை பெறும் சிலர் 10 வாரம் கூட்டாக முரசு அடித்தபோது அவர்களுடைய மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததாக, லண்டனில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது சிறிய ஆய்வு. அதில் பயன்பட்டவை தைக்கோவும் அல்ல, கையால் அடிக்கும் முரசுகள். எனவே மனம் லேசாகும், முன்பின் அறியாதவர்கள் ஒருவரோடொருவர் பழகுவார்கள் என்று சொல்லுங்கள். நோய் தீரும் என்று சொல்லாதீர்கள், மருந்தை நிறுத்தலாம் என்று யாரும் எண்ண இடம் தராதீர்கள்.

காதுகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். அமெரிக்கத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்றால் 100 டெசிபலை 15 நிமிடம் மட்டுமே கேட்கலாம். உள்ளரங்கில் பல தைக்கோக்கள் சேர்ந்தால் இந்த அளவை எளிதில் எட்டிவிடும். காதடைப்பான்களை வாசலிலேயே கொடுங்கள், குழந்தைகளை முன்வரிசையில் அமர்த்தாதீர்கள். திடீர்ப் பேரொலியால் பழைய அச்சங்கள் கிளறப்படக்கூடியவர்களும் அவையில் இருக்கலாம் என்பதால், முதல் அடிக்கு முன் ஒலியின் அளவை ஒருமுறை காட்டிவிட்டு, எழுந்து செல்ல விரும்புவோருக்கு வழி எங்கே என்றும் சொல்லிவிடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஷிமெயின் கயிற்றைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கமாகவே விட்டால் தோல் விரைவில் தன் தொனியை இழக்கும். நாகாடோவை உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் படாத இடத்தில் மூடி வையுங்கள். அதன்மேல் தண்ணீர்ப் புட்டியையோ பையையோ வைக்க யாரையும் விடாதீர்கள்.