லண்டன் போனால் நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு வாருங்கள்

லண்டனில் நூலகம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அங்கே என்ன படிக்கப்போகிறீர்கள் என்பதை ஊரிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். கட்டடத்தை மட்டும் சுற்றிப்பார்த்தால் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். நான் கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நூலகங்களுக்குப் போவேன். ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து படித்த இடங்கள்தான் எனக்கு மனசில் நிற்கின்றன.

பிரிட்டனின் தேசிய நூலகமான பிரிட்டிஷ் லைப்ரரியில் தொடங்குங்கள். கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் இறங்கி யூஸ்டன் சாலையில் சிறிது தூரம் நடந்தால் சிவப்புச் செங்கல் கட்டடம் தெரியும். 1998-ல் திறந்தது. முற்றத்தில் குனிந்து கவராயம் பிடித்து அளந்துகொண்டிருக்கும் நியூட்டனின் பெரிய வெண்கலச் சிலை இருக்கிறது. உள்ளே, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சேர்த்த புத்தகங்களைப் பல மாடி உயரக் கண்ணாடிக் கோபுரத்துக்குள் அடுக்கியிருக்கிறார்கள். காட்சிக்கூடத்தில் 1215-ம் ஆண்டு உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டாவும், ஐரோப்பாவின் ஆரம்பகால அச்சுப் புத்தகமான கூட்டன்பர்க் பைபிளும் உண்டு, கட்டணம் கிடையாது. பெரும்பாலான பயணிகள் இதோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள்.

நமக்கான இடம் மூன்றாம் மாடியில், ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுகள் வாசிப்பறை. இந்தியா ஆபீஸ் ஆவணங்கள், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி காலம் தொட்டுள்ள கடிதங்கள், வரைபடங்கள், பதிவேடுகள் எல்லாம் இங்கேதான் படிக்கக் கிடைக்கும். தமிழ்ப் பழம்பதிப்புகளும் அப்படியே. இவற்றுக்கு நல்ல வழிகாட்டி ஒன்று இருக்கிறது: பிரிட்டிஷ் மியூசிய நூலகத்தில் இருந்த தமிழ்ப் புத்தகங்களுக்கு எல்.டி. பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தயாரித்த பட்டியல். 1909-ல் வெளிவந்தது. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே போப்தான். புத்தகம் அச்சாகி வருவதற்கு முந்தைய ஆண்டே அவர் காலமாகிவிட்டார். மியூசியத்தின் நூலகம் 1973-ல் பிரிட்டிஷ் லைப்ரரியோடு சேர்ந்ததால், அந்தப் புத்தகங்களுக்கு இப்போது இதுதான் வீடு. பட்டியலை இணையத்தில் தேடி எடுத்து நிதானமாகப் புரட்டுங்கள். உங்கள் ஊரைப் பற்றியோ, பிடித்த புலவரைப் பற்றியோ ஏதாவது கண்ணில் படும். தலைப்பையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பறைக்குள் போக வாசகர் அட்டை வேண்டும். இலவசம்தான், வெளிநாட்டவருக்கும் தருகிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு, அடையாளச் சான்றையும் முகவரிச் சான்றையும் நேரில் காட்ட வேண்டும். நகல் செல்லாது, அசலை எடுத்துப்போங்கள். சில நூல்கள் யார்க்‌ஷயரில் உள்ள கிடங்கிலிருந்து வர வேண்டியிருக்கும் என்பதால் பயணத்தின் கடைசி நாளுக்கு இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலுக்குப் பிறகு பல சேவைகள் படிப்படியாகத்தான் திரும்பின. அதனால் கிளம்பும் முன் மின்னஞ்சல் அனுப்பி, நீங்கள் தேடும் நூல் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

உள்ளே பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். பையையும் கோட்டையும் கீழே லாக்கரில் வைத்துவிட்டு, வேண்டியதை ஒளிபுகும் பிளாஸ்டிக் பையில் எடுத்துப்போக வேண்டும். பழைய சுவடிக்குக் கையுறை தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாகத் தருவதில்லை. கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் மெல்லிசு தெரியாது, கிழித்துவிடுவோம். சுத்தமான, ஈரமில்லாத கைதான் அவர்கள் கேட்பது. புத்தகத்தைச் சாய்த்து வைக்க நுரைப்பஞ்சுத் தாங்கியும், பக்கம் மூடாமல் இருக்கத் துணி சுற்றிய எடைச் சரமும் தருவார்கள். இதையெல்லாம் பார்த்தபோது நம் கிளை நூலகங்களில் முதுகு பிய்ந்து கிடக்கும் பழைய பதிப்புகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. இந்தத் தாங்கியும் சரமும் ஒன்றும் பெரிய செலவு இல்லை, நம்மாலும் முடியும்.

அதே யூஸ்டன் சாலையில் நடக்கும் தூரத்தில் வெல்கம் கலெக்‌ஷன். மருத்துவ வரலாற்றுக்கான இடம். அங்குள்ள வாசிப்பறையில் யாரும் அட்டை இல்லாமல் போய் உட்காரலாம். கால் வலித்தால் சோபாவும் உண்டு.

அப்புறம், தேம்ஸ் தென்கரையில் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் ஐந்தாம் தளத்தில் தேசியக் கவிதை நூலகம். 1953-ல் தொடங்கியது, கவிதைக்கு மட்டுமேயான நூலகம். சின்ன இடம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. படிகளை விடுங்கள், அந்தக் கட்டடத்தில் பாடும் லிப்ட் ஒன்று இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொண்டு அதில் ஏறுங்கள். மேலே போகப் போகப் பாடகர் குழுவின் குரல் சுருதி ஏறும், இறங்கும்போது இறங்கும். ஆரோகணம், அவரோகணம் போல. மேலே மொழிபெயர்ப்புக் கவிதைகளுக்கான அலமாரிகளில் நேரம் போவதே தெரியாது.

செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் உள்ள லண்டன் லைப்ரரி சந்தா கட்டுகிறவர்களுக்கானது. 1841-ல் எழுத்தாளர் தாமஸ் கார்லைல் முயற்சியால் பிறந்தது. பழைய அடுக்குகளில் தரையே இரும்புக் கம்பி வலைதான், கீழ்த்தளம் காலடியில் தெரியும். உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்கள் யோசித்துப் போகவும். சுற்றிக்காட்டும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துப் பதிவு செய்தால்தான் உள்ளே போக முடியும்.

ஒரு சாதாரணப் பகுதி நூலகத்தையும் விடாதீர்கள். தெற்கு லண்டனில் பெக்கம் நூலகம் 2000-ல் கட்டடக்கலைக்கான ஸ்டிர்லிங் பரிசு வாங்கியது. உறுப்பினராக வேண்டியதில்லை. நேராக உள்ளே போய்ப் பிள்ளைகள் பகுதியையும் பாருங்கள். ஒரு நூலகம் யாருக்காக நடக்கிறது என்பது எனக்கு எப்போதும் அங்கேதான் தெரியும்.

நாள் பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பிரிட்டிஷ் லைப்ரரி வாசிப்பறைகளுக்கு ஞாயிறு விடுமுறை, வெல்கமுக்குத் திங்கள். மற்றவற்றின் நேரத்தை முந்தின நாள் இரவு அவரவர் இணையதளத்தில் சரிபார்த்துவிட்டுத் தூங்குங்கள். பென்சில் இரண்டாக எடுத்துப்போங்கள்.