பாங்காங் ஏரிச் சுற்று: லேயில் புறப்பட்டு லேக்குத் திரும்பும் 600 கி.மீ.

முதலில் ஒரு தெளிவு. லடாக்கிலுள்ள பாங்காங் ஏரியை வண்டியில் முழுதாகச் சுற்றிவர முடியாது. 134 கி.மீ. நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இந்தியப் பக்கம் இருக்கிறது. மீதி திபெத்துக்குள் போய்விடுகிறது. ஏரிச் சுற்று என்று ஓட்டுநர்கள் சொல்வது, தென்கரை வழியே மெராக் வரை போய், சுஷூல் பக்கம் வெளியேறி, சிந்து நதியைப் பிடித்து, வழியில் த்சோ மோரிரியையும் பார்த்துவிட்டு லே திரும்புவதை. லடாக்கியில் ‘த்சோ’ ஏரி, ‘லா’ கணவாய். வரைபடத்தில் பாதிப் பெயர்கள் இதில் புரிந்துவிடும்.

கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடுபவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். லேயிலிருந்து ஏரிக்கு 150 கி.மீ. சொச்சம், ஐந்தாறு மணி நேரம், அதனால் “போய்ப் படுத்துவிட்டு வரலாம்” என்று தோன்றும். பார்க்க வேண்டியது இரவில் படுக்கும் உயரத்தை. 3,000 மீட்டருக்கு மேலே போனபின் படுக்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. லே 3,500, பாங்காங் 4,225. ஒரே தாவலில் 700 மீட்டருக்கு மேல் வருகிறது. முதல் இரவு கூடாரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் தவறியவர்கள்தான்.

அதனால் இரவுகளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் வந்தால் லேயில் குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. முதல் நாள் கடைத்தெருவுக்குக்கூடப் போக வேண்டாம். அடுத்த இரவு தாங்சே, சுமார் 4,000 மீட்டர். பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்களில் இந்த ஊர் இருக்காது. ஓட்டுநரிடம் நீங்களே கேட்டு வாங்க வேண்டும். அதன்பின் ஏரிக்கரை ஊர்களான மான் அல்லது மெராக்கில் ஓர் இரவு, நியோமாவில் (4,180) ஓர் இரவு, கடைசியாக த்சோ மோரிரிக் கரையிலுள்ள கோர்சோக் (4,500 மீட்டருக்கு மேல்). இதே சுற்றைத் தலைகீழாக, கோர்சோக்கில் தொடங்கிப் போனால் முதல் இரவே ஆயிரம் மீட்டர் ஏறிவிடுவீர்கள். குழந்தைகளோ அறுபது தாண்டியவர்களோ இருந்தால் தலைகீழ்ச் சுற்றை நினைக்கவே வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உயரத்தில் காற்று மெலிவதால் வரும் மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் பாங்காங்கிலிருந்து லேக்கு இறங்க, முதலில் 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங் லாவை ஏற வேண்டும். மூச்சுத்திணறும் ஆளை நடுராத்திரியில் அந்தக் கணவாய்க்குக் கொண்டுபோகக் கூடாது. ஏரிக்கரையில் யாருக்காவது முடியாமல் போனால் தாங்சேக்கு வாருங்கள். கணவாய்க்கு இந்தப் பக்கமே இருக்கிறது, சுகாதார நிலையமும் உண்டு. கோர்சோக்கில் என்றால் மாஹே வழியாக நியோமா. அங்கிருந்து லே வரை சிந்துவை ஒட்டிய சாலை, பெரிய கணவாய் எதுவும் குறுக்கிடாது.

தலைவலியும் பசியின்மையும் பலருக்கும் வரும். அதே உயரத்தில் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் அடங்கும். நேர்க்கோட்டில் நடக்கத் தடுமாறுவது, குழறிப் பேசுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பது, நுரையோடு இருமல் ஆகியவை வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் இறக்குங்கள். மலை நோயைத் தடுக்கும் மாத்திரையான டயாமாக்ஸ் பொதுவாக 125 மி.கி., நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து கொடுக்கிறார்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது என்பதால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ஸ்ப்ரே வகை ஆக்ஸிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். லேயில் வாடகைக்குக் கிடைக்கும் சிலிண்டரை முகமூடியோடு எடுங்கள், திறந்து பார்த்து எடுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் சுற்று முடியும்வரை வேண்டாம்.

வண்டி

வேறு மாநிலத்தில் வாடகைக்கு எடுத்த வண்டியில் லடாக்கைச் சுற்ற உள்ளூர் டாக்சி சங்கங்கள் விடுவதில்லை. வழியில் நிறுத்தித் திருப்பிவிடுவார்கள். சொந்தப் பெயரில் பதிவான டி.என். வண்டி என்றால் தடையில்லை, ஆர்.சி. புத்தகம் கையில் இருக்கட்டும். மற்றவர்கள் லேயிலேயே ஓட்டுநரோடு வண்டி எடுப்பது நல்லது. சங்கம் நிர்ணயித்த கட்டணம்தான், பேரம் அதிகம் செல்லாது. பேச வேண்டியது பாதையை: “மெராக், சுஷூல், நியோமா வழி” என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் ஏரிக்கரையிலுள்ள ஸ்பாங்மிக்கில் படம் எடுத்ததும் திரும்பிவிடுவார்கள். ஓட்டுநர் வயதில் மூத்தவராக இருந்தால் ‘அச்சோ’ (அண்ணன்) என்று கூப்பிடலாம், வணக்கத்துக்கு ‘ஜூலே’.

சொந்த வண்டிக்காரர்களுக்கு: எரிபொருளுக்கு நம்பக்கூடிய கடைசி இடம் காரு, லேயிலிருந்து 35 கி.மீ. அதற்கப்பால் பங்க் இருக்கும் என்று கேள்விப்பட்டாலும் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சமவெளியில் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் கார் இங்கே 10 கொடுத்தால் போதும் என்று வையுங்கள். 600 கி.மீ.க்கு 60 லிட்டர், கைவசம் இன்னும் 10. ஐம்பது லிட்டர் டேங்க் என்றால் 20 லிட்டர் இரும்பு கேன் ஒன்று வேண்டும். அதைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். மேலே ஏற ஏற ஆவி விரிந்து மூடி வழியே கசியும்.

டயர் காற்றை ஊரில் 33 பி.எஸ்.ஐ. வைத்து வந்தவர்கள் லேயில் அளந்தால் 37, 38 காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததால் வரும் வித்தியாசம் அது. லேயில் குளிர்ந்த டயரில் அளந்து மறுபடி சரிசெய்யுங்கள். டர்போ இல்லாத எஞ்சின் ஏரி உயரத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீத இழுவையை இழக்கும். ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்தே ஓட்டுங்கள், கிளட்சை அரைக்காதீர்கள். ஏறும் வண்டிக்கு வழிவிடுவது இங்கே மரியாதைக்காக மட்டும் அல்ல. நின்றுபோன வண்டியை அந்த ஏற்றத்தில் மறுபடி கிளப்புவது பாடு.

தாள்கள்

இந்தியர்களுக்கு உள்நாட்டு அனுமதிச் சீட்டு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. சுற்றுச்சூழல் கட்டணம் மட்டும் உண்டு. ரசீதையும் ஆதாரையும் நான்கைந்து நகல் எடுங்கள், சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டோடு வரும் தமிழர்கள் லேயில் பதிவுபெற்ற முகவர் மூலம் தனி அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்கு மெராக்கைத் தாண்டிச் சுஷூல் வழி திறப்பதில்லை. இந்தியர்களுக்கும் எல்லை நிலவரத்தைப் பொறுத்துத் திடீரென மூடுவார்கள், புறப்படும் முந்தின மாலை லேயில் விசாரியுங்கள்.

வெளிமாநில பிரீபெய்டு சிம் இங்கே உயிரற்றது, போஸ்ட்பெய்டு வேண்டும். செயற்கைக்கோள் போன், செயற்கைக்கோள் மெசஞ்சர் கருவி எதையும் கொண்டுவராதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், இது எல்லைப்பகுதி வேறு.

பாதையில்

சாங் லாவைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், மேலே கால்மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். தேநீர் குடித்துப் படமெடுத்து விளையாடியதன் வலி தாங்சேயில்தான் தெரியும். மறுநாள் ஏரிக்கு முன்னால் வரும் ‘பாகல் நாலா’, அதாவது பைத்தியக்கார ஓடை, பெயருக்கு ஏற்றது. காலையில் கணுக்கால் தண்ணீர். வெயில் ஏறிப் பனி உருகியதும் பிற்பகலில் கல்லை உருட்டிக்கொண்டு வரும். நண்பகலுக்குள் தாண்டுங்கள். நடுவில் கியர் மாற்றாமல், முதல் கியரில் ஒரே சீராக.

லுகுங், ஸ்பாங்மிக் பக்கம் கூட்டமும் கூடாரமும். மான், மெராக் போகப் போக அமைதி. அங்கே வீட்டுத் தங்கலில் படுத்தால் கூடாரத்தைவிடக் குளிர் குறைவு, செலவும் குறைவு. தண்ணீர் இங்கே 86 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் சோறு வேகாது. சாதம் கேட்டு அரைவேக்காடு வந்தால் சமைத்தவர் மேல் கோபப்படாதீர்கள்.

மெராக்குக்கு அப்பால் தார் விட்டுவிட்டு வரும். ஏரியோரமாக வழுவழுப்பான டயர்த் தடம் ஒன்று கூப்பிடும், போகாதீர்கள். மேல்தோல் காய்ந்திருக்கும், அடியில் ஈரமணல். புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி அடிவயிறுவரை இறங்கும். எல்லோரும் இறங்கி, நான்கு டயரையும் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, சக்கரத்தின் பின்னால் மணலை வாரிவிட்டு, காரின் தரைவிரிப்பைத் திணித்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுங்கள். ஒரு மண்வெட்டி, கயிறு, சிகரெட் லைட்டரில் ஓடும் காற்றடிப்பான் மூன்றும் இதற்காகத்தான். ஏரித் தண்ணீருக்குள் வண்டி இறக்கினால் போலீஸ் வழக்கு.

சுஷூல் அருகே ரெசாங் லா நினைவிடம். 1962 நவம்பர் 18 அன்று மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் 13ஆவது குமாவோன் படைப்பிரிவின் சார்லி கம்பெனி சீனப் படைக்கு எதிராகக் கடைசிவரை நின்றதன் நினைவாக எழுப்பியது. அங்கே படமெடுக்கலாம், லோமா பாலத்திலும் முகாம்களிலும் கேமராவை உள்ளே வையுங்கள்.

இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் மாதங்களில் கைப்பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள், ஈரம் உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும்.

கோர்சோக்கிலிருந்து லே திரும்ப இரண்டு வழி. உடம்பு சரியாக இருப்பவர்கள் த்சோ கர் பார்த்து, 5,328 மீட்டர் தாக்லாங் லா ஏறி உப்ஷியில் இறங்கலாம். களைத்தவர்கள் மாஹே, சுமாதாங் வழியே நதியோடு வாருங்கள், சுமார் 220 கி.மீ. எந்த வழியானாலும் மறுநாளை வெறுமையாக வையுங்கள். லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் புறப்படும், பிற்பகலில் காற்று விடாது. ஒரு மண்சரிவு உங்களை மாலைவரை நிறுத்திவிட்டால், அன்று பிடிக்க வேறு விமானம் இருக்காது.