லிப்ரெஆபிஸ் சோதனைக் குழுவில் புதிய தன்னார்வலரை வழிநடத்துவது எப்படி?

கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரெஆபிஸின் தரச்சோதனைக் குழுவில் சேர விரும்பி ஒருவர் எழுதினால், விக்கிப் பக்கங்களின் நீண்ட பட்டியலை அனுப்பிவிட்டு வரவேற்பு முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். அன்றே செய்து முடிக்கக்கூடிய ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். படிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதிய வழுவைத் தேடிப் பிடிக்கச் சொல்வதைவிட, பிறர் பதிந்த வழுவை உறுதிசெய்யச் சொல்வது முதல் வேலைக்கு ஏற்றது. வழுக்களைப் பதியும் தளமான பக்ஸில்லாவுக்கு வரும் அறிக்கை முதலில் 'அன்கன்ஃபர்ம்டு' (உறுதிசெய்யப்படாதது) நிலையில் இருக்கும். பதிந்தவரல்லாத இன்னொருவர் அதே படிகளைப் பின்பற்றி அதே கோளாறைக் கண்டால்தான் அது 'நியூ' நிலைக்கு மாற வேண்டும் என்பது குழுவின் நெறி. நிரல் எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். மாதிரிக் கோப்பு இணைக்கப்பட்டதாகவும், படிகள் தெளிவாக எழுதப்பட்டதாகவும், புதியவர் பயன்படுத்தும் இயங்குதளத்திலேயே பார்க்கக்கூடியதாகவும் உள்ள ஓர் அறிக்கையை நீங்களே தேடிக் கொடுங்கள். விடையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். வருபவர் தமிழறிந்தவராக இருந்தால் தமிழ் எழுத்துகள் தொடர்பான அறிக்கை ஒன்றைக் கொடுக்கலாம். 2017இல் வந்த 5.3 பதிப்பு முதல் எல்லா இயங்குதளங்களிலும் எழுத்துகளை அடுக்கும் பணியை ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் செய்கிறது என்றாலும், திரையில் தெரியும் 'கொ' சரியா தவறா என்பதைத் தமிழ் படிக்கத் தெரிந்த கண்தான் சொல்ல முடியும்.

சோதிக்கும் முன், அன்றாடப் பயன்பாட்டுப் பதிப்பைத் தொடாமல் நாள்தோறும் புதிதாக உருவாக்கப்படும் சோதனைப் பதிப்பான தினசரிக் கட்டமைப்பைத் தனியாக நிறுவ உதவுங்கள். பயனரின் சொந்த அமைப்புகளை ஒதுக்கிவைத்துத் திறக்கும் பாதுகாப்பு முறையில் மீண்டும் தொடங்கிப் பார்க்கவும் காட்டிக்கொடுங்கள். தம் கணினியின் பழைய அமைப்புகளால் வந்த கோளாறை மென்பொருளின் வழு என்று கருதிவிடும் சிக்கல் அதனால் பெரும்பாலும் நீங்கும்.

'எனக்கும் வருகிறது' என்ற ஒற்றை வரி நிரலாளருக்கு உதவாது. உதவிப் பட்டியலின் 'லிப்ரெஆபிஸ் பற்றி' சாளரத்திலிருந்து பதிப்பு விவரம் முழுவதையும் நகலெடுத்து ஒட்டி, தாம் கண்டதை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதப் பழக்குங்கள். கோளாறு வரவில்லையென்றால் அதுவும் எழுதத்தக்க முடிவுதான். இதைச் சொல்லாவிட்டால் பலர் தம்மிடம்தான் ஏதோ குறை என்று எண்ணிப் பேசாமல் போய்விடுவார்கள். மாதிரிக் கோப்பைக் கேட்டு 'நீட்இன்ஃபோ' (கூடுதல் தகவல் தேவை) நிலைக்கு மாற்றும்போது, இணைப்புகள் எல்லாருக்கும் தெரியும் என்பதால் பெயர், கணக்கு எண் போன்றவற்றை நீக்கிவிட்டு அனுப்புமாறு பதிந்தவரிடம் கேட்கவும் கற்றுக்கொடுங்கள்.

புதியவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் இரண்டு. அறிக்கையின் பதிப்புப் புலத்தில் இருக்க வேண்டியது அந்த வழு காணப்படும் மிகப் பழைய பதிப்பு. தாம் சோதித்த புதிய பதிப்பின் எண்ணை அங்கே இட்டுவிட்டால், வழு எப்போது நுழைந்தது என்ற தடயம் மறைந்துவிடும். அடுத்தது, இப்போது கோளாறு வரவில்லை என்றவுடன் 'ஃபிக்ஸ்டு' (திருத்தப்பட்டது) என்று அறிக்கையை மூடிவிடுவது. வழுவைத் திருத்திய நிரல் மாற்றம் எது என்று தெரிந்தால் மட்டுமே அந்தச் சொல், தெரியாதபோது 'வொர்க்ஸ்ஃபார்மி' (எனக்குச் சரியாக இயங்குகிறது). இத்தகைய பிழையைக் கண்டால் புலத்தை நீங்களே சரிசெய்துவிட்டு, காரணத்தைத் தனிச்செய்தியில் சொல்லுங்கள். ஊர் பார்க்கத் திருத்தப்பட்டவர் மறுமுறை கருத்து எழுதத் தயங்குவார்.

உறுதிசெய்வதில் கை பழகியவருக்கு, விருப்பமிருந்தால், வழு எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று தேடும் பைபைசெக்ட் முறையைக் கற்றுக்கொடுக்கலாம். முன்கூட்டியே கட்டமைத்த பல பதிப்புகள் அடங்கிய கிட் (மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) களஞ்சியத்தைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிப்பதால், ஆயிரம் கட்டமைப்புகள் இருந்தாலும் ஏறத்தாழ 10 சோதனைகளில் வழு நுழைந்த இடம் அகப்பட்டுவிடும். களஞ்சியம் மிகப் பெரியது என்பதால், வட்டில் இடமும் இணைய வசதியும் எவ்வளவு உள்ளன என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் நாட்டமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம். உறுதிசெய்யக் காத்திருக்கும் அறிக்கைகளுக்குக் குறைவே இல்லை. நீங்கள் பதிந்த அறிக்கைகளையும் அவரிடம் கொடுங்கள், ஏனெனில் அவற்றை உங்களால் உறுதிசெய்ய முடியாது.