போர்ட்ரெய்ட் கொலாஜ்: வடிவமைப்பிலும் விற்பனையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷூட் முடிந்தது, பிடித்த படங்களை வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டார், மீதி இருபது முப்பது படங்கள் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன, சரி, அதையெல்லாம் ஒரே தாளில் அடுக்கி ஒரு கொலாஜ் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறோம் பாருங்கள், பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. எடுக்கும்போது யாரும் கொலாஜை மனதில் வைத்து எடுக்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இடுப்பளவுப் படம், எல்லாவற்றிலும் ஆள் நடுவில், எல்லாவற்றிலும் கேமராவைப் பார்த்து அதே சிரிப்பு. இதில் ஒன்பதைக் கட்டம் கட்டி அடுக்கினால் பாஸ்போர்ட் படங்களை வெட்டாமல் அப்படியே மாட்டிவைத்த மாதிரிதான் இருக்கும். பிறகு எவ்வளவு நேரம் எடிட்டிங்கில் உட்கார்ந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கொலாஜ் தரப்போகிறோம் என்றால் ஷூட்டுக்கு முன்பே பேசிவிட வேண்டும். எந்தச் சுவர், படுக்கைவாட்டமா நெட்டுவாட்டமா, ஏறக்குறைய எத்தனை படம். இது தெரிந்துவிட்டால் கேமரா கையில் இருக்கும்போதே கண் வேறு மாதிரி தேட ஆரம்பிக்கும். கைக்குழந்தை என்றால் முழு உருவம் ஒன்று, முகம் ஒன்று, அப்பாவின் சுண்டுவிரலை இறுகப் பிடித்திருக்கும் கை, போர்வைக்கு வெளியே நீட்டிய பாதம், கொட்டாவி விடும் அந்த ஒரு நொடி, அப்புறம் ஒரு பக்கம் நிறையக் காலி இடம் விட்டு எடுத்த படம் ஒன்று (பெயர் எழுத வேண்டி வந்தால் இதுதான் கைகொடுக்கும்). தூரத்தில் ஒன்று, நடுத்தரத்தில் ஒன்று, மிக நெருக்கத்தில் ஒன்று என்று கிடைத்துவிட்டாலே வடிவமைப்பு பாதி முடிந்த மாதிரி.

அடுத்தது எண்ணிக்கை. நான் பார்த்தவரை கொலாஜைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதலிடம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12க்கு 18 அங்குலப் பிரிண்ட் என்றால் மொத்தம் 216 சதுர அங்குலம். அதில் 12 படம் வைத்தால் ஒன்றுக்கு 18 சதுர அங்குலம், இடைவெளியைக் கழித்தால் கிட்டத்தட்ட 4க்கு 4 அங்குலக் கட்டம். அந்தக் கட்டத்தில் பெரியவர் ஒருவர் முழு உருவமாக நிற்கிறார் என்று வையுங்கள். உடல் உயரத்தில் தலை ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான். ஆக, நாம் அவ்வளவு பாடுபட்டு வெளிச்சம் வைத்து எடுத்த முகம் அரை அங்குலம். உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், அவ்வளவுதான். அதைச் சுவரில் மாட்டி ஆறடி தள்ளி நின்றால் அவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்றுகூடத் தெரியாது, போர்ட்ரெய்ட் என்ற பெயரில் நாம் விற்பதே அந்த முகத்தைத்தான்.

அதனால் ஒரு படம் முதன்மையாக இருக்கட்டும். மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அதற்கே கொடுங்கள், சுற்றி மூன்று முதல் ஆறு படங்கள் போதும். வாடிக்கையாளர் ஒன்றையும் விடமாட்டார், அது இயல்பு, எல்லாம் அவர் பிள்ளைகள்தானே. நான் செய்வது இதுதான்: படங்களைச் சின்னதாக 4க்கு 6 அளவில் சாதாரணப் பிரிண்ட் போட்டு மேசையில் பரப்பிவிடுவேன், "இந்த ஒரு படம் இல்லையென்றால் கொலாஜே வேண்டாம் என்று சொல்வீர்களே, அது எது?" என்று கேட்பேன். கை தானாக ஒரு படத்துக்குப் போகும். அதை நடுவில் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் அவரையே பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால், ஒரே மாதிரி இருக்கும் இரண்டில் ஒன்றை அவரே எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். திரையில் "இதை எடுத்துவிடலாமா" என்று நாம் கேட்டால் வராத சம்மதம், கையில் தாளாக இருக்கும்போது வந்துவிடுகிறது. அப்படியும் இருபது படமும் வேண்டும் என்றால் ஆல்பமாகவோ இரண்டு கொலாஜாகவோ பிரித்துக் கொடுங்கள், ஒரே தாளில் திணிக்காதீர்கள்.

டெம்ப்ளேட் பற்றி ஒரு வார்த்தை. வாங்கிய டெம்ப்ளேட்டில் (கட்டங்களை முன்கூட்டியே அமைத்துத் தரும் கோப்பு) தப்பொன்றும் இல்லை, ஆனால் ஓட்டையை முதலில் வைத்துவிட்டு அதற்குள் படத்தைத் திணிக்கும்போதுதான் வம்பு. ஸ்டுடியோவில் நாம் வைத்திருக்கும் கேமராக்கள் பெரும்பாலும் 3:2 விகிதத்தில் எடுக்கின்றன. அதைச் சதுரக் கட்டத்துக்குள் போட்டால் படத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். 8க்கு 10 வடிவத்தில் போட்டாலே ஆறில் ஒரு பங்கு போய்விடும். அப்படி வெட்டும்போது கத்தி எங்கே விழுகிறது என்று பார்க்காமல் விட்டால் மணிக்கட்டில், முழங்காலில், கணுக்காலில் போய் விழும், ஆள் ஊனமான மாதிரி தெரியும். முதலில் படத்தைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் அதற்கேற்ற கட்டம். கூடவே டெம்ப்ளேட்டில் வரும் நிழல், தங்க பார்டர், பூ, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அவை இல்லாமல் நிற்காத கொலாஜ் அவற்றோடும் நிற்காது.

பார்வை எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. இடது ஓரத்தில் இருப்பவர் இடதுபக்கமே பார்த்துக்கொண்டிருந்தால், பார்க்கிறவர் கண்ணும் அவரோடு சேர்ந்து ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாக எடுத்து, முதுகோடு முதுகு காட்டுவது போலப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சண்டை போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். இடம் மாற்றி வைத்தாலே தீர்ந்துவிடும். இடம் மாற்ற வழியில்லை என்று படத்தைக் கண்ணாடிபோல் திருப்பாதீர்கள், வகிடும் மச்சமும் சட்டைப் பொத்தானும் பக்கம் மாறிவிடும், அவர்கள் வீட்டாருக்கு என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று தோன்றிவிடும். நெருக்கமான முகங்கள் இரண்டை அடுத்தடுத்து வைக்கும்போது கண்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், தலைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும்.

நிறம். தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொரு படமும் அழகாகத்தான் இருக்கும். சாயங்கால வெயிலில் எடுத்தது மஞ்சளாக, ஜன்னலோரம் எடுத்தது நீலம் பாய்ந்து, வீட்டு விளக்கில் எடுத்தது ஆரஞ்சாக. மூன்றையும் பக்கத்தில் வைத்தால் ஒரே குழந்தை மூன்று வீட்டுப் பிள்ளைகளாக மாறிவிடும். பின்னணியைப் பார்த்துச் சரிசெய்யாதீர்கள், தோல் நிறத்தைப் பாருங்கள். முதன்மைப் படத்தின் தோலை அளவுகோலாக வைத்து மற்றதை அதன் பக்கம் கொண்டுவாருங்கள். சரிவராத ஒரே படத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாக்கித் தப்பிப்பது எல்லோரும் செய்யும் வேலை, ஆனால் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும். கறுப்பு வெள்ளை என்றால் முழுக்க அப்படிப் போங்கள், அல்லது இரண்டு மூன்று படமாவது அப்படி இருக்கட்டும்.

பிரிண்டில் இருட்டாக வருகிறது என்று லேபோடு சண்டை போடுவதற்கு முன் மானிட்டர் வெளிச்சத்தைப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால் திரையில் பளிச்சென்று தெரிந்தது தாளில் மங்கித்தான் வரும். அதேபோல லேப் எஸ்ஆர்ஜிபி கேட்டிருக்கும்போது அடோபி ஆர்ஜிபியில் (இரண்டும் கோப்பில் நிறத்தைக் குறிக்கும் வெவ்வேறு முறைகள்) அனுப்பினால் நிறம் செத்துப்போய் வர வாய்ப்பு அதிகம். பெரிய அளவில் ஆர்டர் போடுமுன் அதே தாளில் ஒரு சின்ன சோதனைப் பிரிண்ட் எடுத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, மறுபிரிண்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பிக்சல் விஷயத்தில் நான் ஒருமுறை நன்றாகவே பட்டிருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு 24க்கு 36 அங்குலக் கொலாஜ். காலமாகிவிட்ட தாத்தாவின் படம் ஒன்றையும் சேர்க்கச் சொன்னார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். அது குழுவாக நின்று எடுத்த படம். நீளப் பக்கமே 1600 பிக்சல், அதில் தாத்தாவை மட்டும் வெட்டியபோது 500 பிக்சல்தான் மிஞ்சியது. அதை 10 அங்குலத்துக்கு இழுத்து வைத்தேன், அதாவது அங்குலத்துக்கு 50 பிக்சல். திரையில் கொலாஜ் முழுவதையும் சுருக்கிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஃபிரேம் போட்டுக் கொடுத்த அன்று அந்த அம்மா குறை எதுவும் சொல்லவில்லை, கண்ணாடிமேல் விரலை வைத்து, "அப்பா முகம் மட்டும் ஏன் தம்பி இப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். சுற்றியிருந்த முகங்களில் இமைமுடி எண்ணலாம், அவர் முகம் மட்டும் மெழுகு பூசிய மாதிரி. பிறகு அவர்கள் வீட்டு அலமாரியிலிருந்து பழைய பிரிண்டையே வாங்கி 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து முழுவதையும் மறுபடி போட்டுக் கொடுத்தேன். 4க்கு 6 பிரிண்டை அப்படி ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும், குழுப் படமாக இருந்தாலும் வெட்டிச் சிறிதாக வைக்கத் தாராளம்.

எனவே வெளியிலிருந்து வரும் படம் எதுவானாலும் மூலக் கோப்பையோ மூலப் பிரிண்டையோ கேளுங்கள். நாம் எடுத்த படத்திலும் ஜாக்கிரதை வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் 6000க்கு 4000 பிக்சல் வருகிறது, 8 அங்குலக் கட்டத்துக்கு 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கில் 2400 போதும், ஆகவே முழுப் படத்தை வைத்தால் கவலையே இல்லை. அதற்குள் ஒரு முகத்தை மட்டும் வெட்டும்போதுதான் கணக்குப் பார்க்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் கேன்வாஸை (படங்களை அடுக்கும் வெற்றுப் பக்கத்தை) ஆரம்பத்திலேயே இறுதி அளவில் திறந்துகொள்ளுங்கள், படங்களை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக (மூலப் படத்தை அப்படியே உள்ளே வைத்திருக்கும் வசதி) வையுங்கள். சின்னதாக்கிவிட்டு மறுபடி பெரிதாக்கும்போது கூர்மை போகாது, வாடிக்கையாளர் நாலுமுறை இடம் மாற்றச் சொன்னாலும் தாங்கும்.

ஓரங்கள். ஃபிரேமின் உதடு, அதாவது உள்விளிம்பு, நாலு பக்கமும் கால் அங்குலம் போல மறைக்கும், லேபில் வெட்டும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பின் ஆகும். சுற்றி மெல்லிய வெள்ளை பார்டர் வைத்திருந்தால் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்து நிற்கும். சட்டத்தில் மடித்து இழுக்கும் கேன்வாஸ் துணிப் பிரிண்ட் என்றால் மடிப்புக்கென்றே தனி இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் நிற்கும் பாட்டியின் தோள் பக்கவாட்டுக்குப் போய்விடும். எவ்வளவு விட வேண்டும் என்று லேபிடமே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு லேபுக்கும் மாறும்.

எழுத்து சேர்ப்பதாக இருந்தால் குறைவாக, ஒரே எழுத்துருவில். பெயரையும் தேதியையும் நீங்கள் காதால் கேட்டு அடிக்காதீர்கள், வாடிக்கையாளரையே தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லி ஒட்டிக்கொள்ளுங்கள். தமிழில் எழுதும்போது கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், மென்பொருளின் எழுத்து அமைப்பில் இந்திய மொழிகளுக்கான வசதி இயங்கவில்லை என்றால் அப்படி ஆகும்.

இனி விற்பனை. டிஜிட்டல் கோப்புகளைக் கையில் கொடுத்துவிட்டு, "கொலாஜ்கூடப் போடுவோம், வேண்டுமா?" என்று கேட்பது கடையை மூடிவிட்டு வியாபாரம் பேசுவது மாதிரி. அவருக்கு வேண்டியது ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. முதல் பேச்சிலேயே, முடிந்த கொலாஜ் ஒன்றைச் சுவரில் காட்டியபடி சொல்லிவிடுங்கள். அதற்காக எல்லோருக்கும் முதலில் கொலாஜையே நீட்டவும் வேண்டாம். தனியாகப் பெரிதாக மாட்ட வேண்டிய நல்ல போர்ட்ரெய்ட் ஒன்று இருக்கும்போது அதையும் கொலாஜுக்குள் போட்டுவிட்டால், நாலைந்து பிரிண்ட் வாங்க இருந்தவர் ஒன்றோடு போய்விடுவார், அந்தப் படத்துக்கும் அது அநியாயம். முதலில் அந்தத் தனிப் படம். சேர்ந்து இருந்தால்தான் பேசும் என்கிற கை, பாதம், ஓட்டம், சிரிப்பு வரிசைகள் கொலாஜுக்கு.

போனில் கொலாஜை ஜேபெக் படமாக அனுப்பிச் சம்மதம் வாங்குவதும் பெரிய தவறு. ஆறு அங்குலத் திரையில் எந்த அளவும் ஒன்றுதான், அதனால் எல்லோரும் சின்ன அளவையே கேட்பார்கள். சுவரில் ஏ4 தாள் ஒன்றை ஒட்டி நேராக நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏ4 என்பது 21க்கு 29.7 சென்டிமீட்டர், அதை வைத்து அளவு கணக்கிட்டு அவர்கள் சுவரிலேயே கொலாஜை வைத்துக் காட்டிவிடலாம். சோபாவுக்கு மேலே என்றால் சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருந்தால் பார்வைக்கு நிறைவாக இருக்கும். 12க்கு 18 போதும் என்றவர், அது தன் சுவரில் காலண்டர் மாதிரி தொங்குவதைப் பார்த்துவிட்டுத் தானே பெரிய அளவுக்கு வருவார். லே-அவுட் இரண்டு காட்டுங்கள், ஆறு காட்டினால் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று போய்விடுவார்.

விலையைப் படங்களின் எண்ணிக்கைக்கு வைத்தால் மேலே சொன்ன 12 படக் கொலாஜைத்தான் நாமே ஊக்குவிக்கிறோம். அளவுக்கும் வடிவமைப்பு வேலைக்கும் விலை வையுங்கள். படம் தேர்வது, தோல் நிறம் ஒத்துவரச் செய்வது, அடுக்குவது, திருத்துவது எல்லாம் மணிக்கணக்கான வேலை, பலர் பிரிண்ட் செலவோடு கொஞ்சம் சேர்த்துச் சொல்லிவிட்டு அந்த மணிகளை இனாமாகக் கொடுக்கிறார்கள். ஒரு கொலாஜுக்கு உட்கார்ந்த நேரத்தை ஒரு மாதம் எழுதிவைத்துப் பாருங்கள், விலை சொல்லும் குரலே மாறிவிடும். திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று முதலிலேயே எழுத்தில் சொல்லுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு வடிவமைப்பைத் தொடங்குங்கள், பெயர், தேதி, படங்கள், அளவு எல்லாம் சரி என்று எழுத்தில் பதில் வராமல் பிரிண்டுக்கு அனுப்பாதீர்கள். லேயரோடு (படங்கள் தனித்தனி அடுக்குகளாக) கூடிய கோப்பைப் பத்திரமாக வையுங்கள், இதே கொலாஜை சித்திக்கு ஒன்று, தாத்தா பாட்டிக்கு ஒன்று என்று கேட்டு வருவார்கள்.

இன்னொன்று. வாடிக்கையாளரின் கொலாஜை மாதிரிக்காக ஸ்டுடியோவிலோ இணையத்திலோ போடுவதற்கு முன் அவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள், குழந்தைகள் என்றால் கட்டாயம் பெற்றோரிடம். தனிப் படத்தைவிடக் கொலாஜில் ஒரு குடும்பம் முழுக்க இருக்கும், ஒருவர் சரி என்றாலும் இன்னொருவர் விரும்பாமல் இருக்கலாம். தயங்குகிறார்கள் என்று தெரிந்தால் வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள், மாதிரிக்கு உங்கள் வீட்டுப் படங்களிலேயே நல்லதாக ஒன்று செய்து மாட்டிக்கொள்ளலாம்.