ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட கட்டிட வேலைக்காரங்க எப்படி பேசணும்

கொத்தனார், சித்தாளுங்க கோவமா சொல்றது ஒண்ணுதான், எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் வந்து கும்பிடுறான், அப்புறம் எட்டிக்கூட பாக்கறதில்ல. கோவம் நியாயம்தான். ஆனா வாடகை வீடு மாறி மாறி போறதுல நம்ம பேரு பழைய ஏரியா லிஸ்ட்லயே கெடக்கும், அந்த தொகுதில நம்ம ஓட்டே இல்லன்னா வேட்பாளர் ஏன் நின்னு கேக்கப் போறான்? அதனால மொதல்ல படிவம் 8 போட்டு அட்ரஸ் மாத்துங்க.

அடுத்து கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய கார்டு. 18லருந்து 60 வயசுக்குள்ள இருந்து, கடைசி ஒரு வருசத்துல 90 நாள் வேலை பாத்திருந்தா பதியலாம். கட்டிடம் கட்டுறவங்க செலவுல 1 சதவீதம் இந்த வாரியத்துக்கு நம்ம பேர்லதான் வசூலாகுது, அது நம்ம காசுங்க!

ஓட்டு கேட்டு வந்தா "ஏதாச்சும் செய்ங்கண்ணே"ன்னு சொல்லாதீங்க, பென்சன் மனு எத்தன மாசமா நிக்குது, எப்ப முடிச்சு தருவீங்கன்னு தேதியோட கேளுங்க, அதுவும் காலைல எல்லாரும் வேலைக்கு நிக்கிற ஸ்டாண்டுக்கே வரச்சொல்லி கேளுங்க, அவர் சொல்றத போன்ல வீடியோ எடுத்துக்கங்க. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலை மசோதா சட்டசபைல பாஸே ஆயிடுச்சு, தொழிற்சங்கங்க சேந்து எதுத்ததுல மே 1க்குள்ள வாபஸ் வாங்கிட்டாங்க. கூட்டமா கேட்டா காது கேக்குது.

ஓட்டுப்போடுற அன்னிக்கு சம்பளத்தோட லீவு தினக்கூலிக்கும் உண்டு, மேஸ்திரிகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருங்க.