வேலையில் இருந்த லாரி டிரைவர் கொல்லப்பட்டால் குடும்பம் இழப்பீடு கேட்பது எப்படி?

நாமக்கல், சங்ககிரிப் பக்கமிருந்து லோடு ஏற்றிப் போன டிரைவரை வழியில் மறித்துக் கொன்றுவிட்டால், "அது கொலைக் கேஸ், விபத்து இல்லையே" என்பார்கள். நம்பாதீர்கள். ஆட்டோவைத் திருட வந்தவர்கள் டிரைவரைக் கொன்ற ரீட்டா தேவி வழக்கில், அந்தக் கொலை வேலையால் நேர்ந்த விபத்துதான் என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொந்தப் பகையில் நடந்த வெட்டுக்குத்து என்றால் கதை வேறு.

படி 1: முதலில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டா என்று பாருங்கள். இருந்தால் மாதாமாதம் உதவித்தொகை அங்கேதான், ஓனரிடம் இழப்பீடு கேட்டு வழக்குப் போட முடியாது. மில், பனியன் கம்பெனி ஆட்களுக்கு இருக்கும். லாரிக்காரர்களுக்குப் பெரும்பாலும் இருக்காது.

படி 2: எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் எப்படியும் வாங்கிவிடலாம். சிக்கல் வருவது "இவர் என் வண்டியில் ஓட்டவே இல்லை" என்று ஓனர் கைவிரிக்கும்போதுதான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எந்த டிரைவரிடம் இருக்கிறது? டிரிப் ஷீட், லோடு ரசீது, ஜிபேயில் வந்த சம்பளம், இவைதான் கை கொடுக்கும். அவருடைய செல்போன் போலீஸிடம் போயிருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள்.

படி 3: கணக்கு. 1923-ம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, மாதச் சம்பளத்தில் பாதியை, சட்டத்தின் அட்டவணையில் வயதுக்கு உள்ள காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் சம்பள உச்சவரம்பு 15,000. டிரைவருக்கு 30 வயது, சம்பளம் 18,000 என்றால்: 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய். இந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் பாதிச் சம்பளம், காரணி என்ற முறை மாறவில்லை.

படி 4: மனு. சம்பவம் மகாராஷ்டிராவில் நடந்திருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். குடும்பம் குடியிருக்கும் பகுதிக்கான தொழிலாளர் துணை ஆணையரிடமே கொடுக்கலாம். லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய சட்டத்தில் கெடு, இறந்த நாளிலிருந்து 2 வருடம். கொலையாளி பிடிபடட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், அது தனி வழக்கு.

படி 5: இதற்குள் ஊர்ப் பெரியவர்களை வைத்து, "மூணு லட்சம் வாங்கிட்டுக் கையெழுத்துப் போடும்மா" என்று பேச்சு வரும். போடாதீர்கள். மரண இழப்பீட்டை ஓனர் ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். முன்பணமாக நேரில் தருவதில் மூன்று மாதச் சம்பளம் வரைதான் கணக்கில் கழியும். மாதம் ஒன்று தாண்டியும் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்குச் சரியான காரணம் இல்லையென்றால் பாதித் தொகை வரை அபராதமும் ஓனர் தலையில் விழும்.