மார்கழில முடி காயவே மாட்டேங்குதா? நம்ம கடலூர் பக்கத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் டிப்ஸ்

குளிர்காலத்துல முடிய எப்படி பாத்துக்கறதுன்னு தேடினா வர்ற வீடியோல பாதி டெல்லி பக்கத்துக்காரங்க போட்டது. வறண்ட காத்து, ஹீட்டர் போட்ட ரூம், தலை நிறைய எண்ணெய்னு போவும். நம்ம கடலூர்ல மார்கழி விடிகாலைல சாதாரணமா 20, 21 டிகிரி, கூடவே பனி, போதாததுக்கு கடல் காத்து. இங்க முடிய படுத்தி எடுக்கறது ஈரமும் கொதிக்கற வெந்நீரும் தான், இது புரியாம நானும் ரெண்டு வருஷம் வீடியோ பாத்து எண்ணெய கொட்டி கொட்டி பொடுக வளத்து விட்டேன்.

முதல்ல எப்ப குளிக்கறதுன்னு பாருங்க. விடிகாலை 5 மணிக்கு தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட கொண்டை போட்டு கோலம் போட உக்காந்தா, 8 மணிக்கு அவுத்தாலும் உள்ள ஈரமா தான் இருக்கும், ஒரு மாதிரி ஊறின துணி வாடை அடிக்கும். அதுக்கு மேல ஹெல்மெட் வேற. அதனால மார்கழில தலைக்கு குளியல மதியத்துக்கு மாத்துங்க, 11 மணிலேர்ந்து 2 மணிக்குள்ள வெயில் இருக்கறப்ப குளிச்சுட்டு, காலைல கோயிலுக்கு போறப்ப உடம்புக்கு மட்டும் ஊத்திக்குங்க, பெருமாள் கோச்சுக்க மாட்டார். வேலைக்கு போறவங்க சனி, ஞாயிறு ஒதுக்குங்க.

வெந்நீர் விஷயத்துல தான் எல்லாரும் கோட்டை விடறோம். குளிருதுன்னு உடம்புக்கு ஊத்தற சூட்டுலயே தலைக்கும் ஊத்தினா தோல்ல இயற்கையா இருக்கற எண்ணெய் மொத்தமும் போயிடும், அப்புறம் அரிப்பு. முழங்கைய விட்டு பாருங்க, சுடுதுன்னு தெரியாம இதமா இருந்தா போதும். போர் தண்ணி உப்பா இருக்கற வீடுன்னா (வாட்டர் ஹீட்டர் கம்பில வெள்ளையா ஓடு மாதிரி கட்டுதான்னு பாருங்க, அதே தண்ணி தான் உங்க தலைக்கும் போவுது) கடைசி ரெண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணில அலசுங்க. மழை பேஞ்சப்போ மொட்டை மாடில சுத்தமான ட்ரம்ல பிடிச்சு மூடி வெச்சது இருந்தா ரொம்ப நல்லது. காய்ச்சினா உப்பு போயிடும்னு எங்க அத்தை சொல்லுவாங்க, கொஞ்சம் சுண்ணாம்பு அடில படியும் அவ்ளோ தான், உப்பு அங்கயே தான் இருக்கும்.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனா உறைஞ்சுரும், அதுக்காக கலப்படம்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போவாதீங்க. பாட்டில அடுப்பு மேல காட்டாம ஒரு டம்ளர் வெந்நீர்ல அஞ்சு நிமிஷம் நிக்க வைங்க, இளகிடும். குளிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெதுவெதுப்பா தடவினா போதும், ராத்திரி பூரா ஊற வேணாம். முக்கியமா நுனிக்கு வைங்க, உடையறது அங்க தான்.

பொடுகு இருக்கறவங்க உச்சந்தலைல எண்ணெய் வெக்கறத நிறுத்துங்க. தலைத்தோல்ல மலாசீசியான்னு ஒரு பூஞ்சை எல்லாருக்கும் இருக்கு, அதுக்கு எண்ணெய் தான் சாப்பாடு. தோல் உரியுது, வறட்சி போலன்னு நாம எண்ணெய் வெக்க வெக்க அது விருந்து சாப்பிடும். மெடிக்கல்ல கீட்டோகோனசோல்னு பூஞ்சைய அடக்கற மருந்து ஷாம்பு கிடைக்கும், வாரத்துக்கு ரெண்டு தடவை, நுரை வந்ததும் கழுவிடாம 3லேர்ந்து 5 நிமிஷம் விட்டு அலசணும். இந்த அஞ்சு நிமிஷம் தான் மருந்தே, நான் அவசரத்துல உடனே அலசிட்டு ஷாம்பு வேலையே செய்யலன்னு திட்டிட்டு இருந்தேன். ஒரு மாசத்துல அடங்கலன்னாலும், வட்டமா சொட்டை விழுந்தாலும் தோல் டாக்டர பாருங்க, புதுச்சேரி பக்கம் இருக்கறவங்களுக்கு கோரிமேடு ஜிப்மர்ல தோல் பிரிவே இருக்கு.

சீயக்காய் போடறவங்க வடிச்ச கஞ்சில கரைச்சு, துணில வடிகட்டிட்டு போடுங்க, அந்த திப்பி முடிக்குள்ள மாட்டிக்கிட்டா அத சீவி எடுக்கறதுலயே பாதி முடி போயிடும்.

துவட்டறது எப்படின்னா, பழைய பருத்தி வேட்டியோ டீ சர்ட்டோ எடுத்து அமுக்கி அமுக்கி தண்ணிய எடுங்க. துண்ட முறுக்கி பட் பட்னு தட்டற பழக்கம் நம்ம வீட்டு பெரியவங்க எல்லாருக்கும் இருக்கு, ஈர முடி ஊறி பலவீனமா இருக்கறப்ப அப்படி அடிச்சா உடையாம என்ன செய்யும். அப்புறம் ஃபேன்ல விரிச்சு போட்டு காய வைங்க, சிக்கு கடைசியா பெரிய பல் சீப்பால நுனிலேர்ந்து எடுங்க. சாம்பிராணி புகை வாசனைக்கு சரி, முக்காவாசி காஞ்சப்புறம் தள்ளி நின்னு காட்டுங்க, நைலக்ஸ் புடவை கட்டிக்கிட்டு தணல் கிட்ட போவாதீங்க, வீசிங் இருக்கறவங்க வீட்டுல வேணவே வேணாம்.

இன்னொன்னு, தை மாசம் கொத்து கொத்தா கொட்டுதுன்னு பயப்படறவங்க ஐப்பசி, கார்த்திகை மழைல ஜுரம் வந்து படுத்தீங்களான்னு யோசிங்க. டெங்கு மாதிரி பெரிய ஜுரம் வந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சு தான் முடி கொட்ட ஆரம்பிக்கும், நாம அதுக்குள்ள ஜுரத்த மறந்துட்டு பனி மேலயும் தண்ணி மேலயும் பழிய போடுவோம். ஒரு நாளைக்கு 50லேர்ந்து 100 முடி கொட்டறது எல்லாருக்கும் உள்ளது தான். ஜுரத்தால கொட்டினது பொதுவா ஆறு மாசத்துக்குள்ள நின்னுரும், அதுவரைக்கும் முட்டை, பயறு, முருங்கைக்கீரைன்னு சாப்பிட்டுட்டு இருங்க, புது எண்ணெய் பாட்டில் வாங்கி காச கரைக்காதீங்க.